கல்லுப் பாதைக்கு ஒரு ஒஸ்ரின்

1973 யூன் 6

சோளகக் காற்று நிற்கவில்லை. இவர் காலையிலேயே பழைய ஒஸ்ரின் பிக்கப்பைக் கல்லடுக்கி உயர்த்தி, பின்சில்லுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அடியில் கிடக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் போலவும் இல்லை.

யூன் 9

பக்கத்து வளவு அந்தோனியம்மா அக்கா வந்தா. "அழுது தீத்துப்போடு பிள்ளை" என்றா. "ஓம் அக்கா" என்றேன். அழுகை வந்தால்தானே.

பங்குனியில் நடந்தது. இன்றுதான் எழுதுகிறேன். வலி முந்தி வந்துவிட்டது. யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் தீவு ஆஸ்பத்திரி அப்போதிக்கரி. பிக்கப்பின் பின்பெட்டியில் பாய் விரித்து என்னைப் படுக்கவைத்து, இவர் துறைக்கு ஓட்டினார். நெடுந்தீவில் பாதை என்றால் கல்லுத்தான். ஒவ்வொரு கல்லிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. பாதி வழியில் இரத்தம். வள்ளத்தில் ஏற்றும்போதே பிள்ளை அசையவில்லை. ஆம்பிளைப் பிள்ளை என்று ஆஸ்பத்திரியில் தாதி சொன்னா.

யூன் 15

வள்ள எஞ்சின் திருத்துகிற அருளப்பு அண்ணை வந்தார். இருவரும் பிக்கப்புக்கு அடியில் கதைத்தது குசினிக்குள் கேட்டது.

"முந்தி அனுராதபுரத்துக் கடை ஒண்டுக்கு அரிசி மூட்டை ஏத்தின வாகனமெல்லே. பாரம் தாங்கவெண்டு அச்சுக்கு மேலை வில்லுத் தகடு அடுக்கி வைச்சிருக்கு. வெறுமையா ஓடினா இடிக்கத்தானே செய்யும்."

"ரண்டு தகட்டைக் கழட்டினால்?"

"மெத்தெண்டு வரும். ஆனா பதிஞ்சுபோம். அடி கல்லிலை முட்டும்."

"அப்ப மெதுவாக்கவும் வேணும், உயத்தவும் வேணும்."

இவர் என்ன செய்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவி முடித்தேன்.

யூன் 16

இனி எதற்கு? யாருக்கு?

யூன் 28

புதுச் சாமான் கொழும்பிலும் கிடையாதாம். சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டித் தகடுகளுக்கு நடுவில் வைத்துக் கிறீஸ் பூசுகிறார். உயர்த்துவதற்கு அச்சுக்கும் தகட்டுக்கும் இடையில் இரும்புக் கட்டை. பழைய வள்ளத்தில் எஞ்சினைத் தாங்கின இரும்பை அருளப்பு அண்ணை அறுத்துக் கொடுத்தார். அதைச் சேர்த்துக் கட்ட நீளமான வளைந்த ஆணிகள் வேண்டும். ஊர்காவற்றுறைக் கொல்லரிடம் சொல்லியிருக்கிறார்.

யூலை 8, ஞாயிறு

முதல் ஓட்டம். பிக்கப்பை வழியில் விட்டுவிட்டு நடந்து வந்தார்.

"முறிஞ்சிட்டுதோ?"

"ஓம். ஒரு தகடு."

அவ்வளவுதான் கதை.

யூலை 22

குசினி வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இஞ்சரும்... முறிஞ்ச தகட்டை மாத்தி, மண் மூட்டை வைச்சு ஓடிப் பாத்தனான். மூட்டைக்கு நொந்தாத் தெரியுமே? ஒருக்கா நீர் பின்னாலை படுத்துப் பாக்கிறீரே?"

என்ன மனுசன்! அகப்பை கையிலிருந்து விழுந்துவிட்டது.

"உதுக்குள்ளை நான் இனி ஏறமாட்டன். கேக்க உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

"வேறை ஆரைக் கேக்க? எங்கெங்கை இடிச்சதெண்டு உமக்குத்தானே தெரியும்."

கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். கொஞ்சம் மெல்ல ஓடியிருந்தா எண்டும் சொல்லிப்போட்டன். சொல்லியிருக்கக் கூடாது – சொல்லிப்போட்டன்.

அவர் கோபப்படவில்லை. "மெல்லப் போனாப் பிந்திப்போம் எண்டு பயந்தனான்" என்றார்.

இத்தனை மாதத்தில் அதைப்பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை.

யூலை 24

ஏறினேன். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. மல்லாந்து படுத்தால் வானம் மட்டும்தான். ஒவ்வொரு கல்லுக்கும் முதல் "கல்லு வருது" என்று முன்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். கோயில் திருப்பத்தில் இடுப்பில் இடித்தது. பெட்டியில் தட்டினேன். நிறுத்தி, இறங்கி, அடியில் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினார். அதற்குப் பிறகு சில கற்கள் வந்ததே தெரியவில்லை.

அண்டைக்கு இரத்தம் வந்த இடத்தைக் கடந்ததும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஓகஸ்ட் 2

இடித்த பக்கத்துக்கு ரயர்த் துண்டு வெட்டி வைத்திருக்கிறார். இன்றும் படுத்துப் பார்த்தேன். நல்லம்.

ஓகஸ்ட் 19

அந்தோனியம்மா அக்காவின் மகள் பிலோமினாவுக்கு விடிய வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம், யாழ்ப்பாணம் போகவேண்டும் என்றார் அப்போதிக்கரி. இவர் பிக்கப்பை எடுத்தார். கேட்காமலே நானும் பின்னால் ஏறி அவளின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, இடிக்குமோ?"

"ஆடும். இடியாது. பயப்பிடாதை."

இவர் மெல்லவும் ஓடவில்லை.

ஓகஸ்ட் 21

பின்னேர வள்ளத்தில் சொல்லியனுப்பியிருந்தார்கள். பெண் பிள்ளை. தாயும் சுகம்.

இவர் முற்றத்தில் நின்று கேட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எங்கடை பிள்ளைக்கு ஒரு பேர் வைப்பமே?" என்று கேட்டேன்.

கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"பெடியனெண்டால் எண்டு ஒண்டு நினைச்சு வைச்சிருந்தனான். உமக்குச் சொல்லேல்லை."

"இப்ப சொல்லுங்கோ."

சொன்னார்.

எங்கள் பிள்ளைக்குப் பேர் தில்லைநாதன்.