பின்கதவுத் துளை

வெர்மான்ட்,
ஏப்ரல் கடைசி வாரம்.

அன்புள்ள பெர்னிஸ் அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி நோரீன் எழுதுவது. போனில் எங்கள் நம்பரைப் பார்த்ததுமே கட் பண்ணிவிடுகிறீர்கள். கடிதம் என்றால் பிரித்த பிறகு படித்துத்தானே ஆக வேண்டும்? மெய்ன் கடற்கரையில் இன்னும் குளிர் விட்டிருக்காது. முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே பாதையெல்லாம் ஒரே சேறு. நேற்று தபால் வண்டி நம் வாசலிலேயே புதைந்துவிட்டது. பாவம், தபால்காரர் டோனட் தின்றபடி டிராக்டர் வரும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

நல்ல செய்தியை முதலில் சொல்ல வேண்டும் என்பார்கள். இந்த வருஷம் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை.

நீங்கள் வரைந்த புது அடுப்பு, நம் பட்டறையில் செய்த முதல் அடுப்பு, ஆல்டன் பக்லியின் பாகு காய்ச்சும் கொட்டகைக்குப் போயிற்று. மார்ச்சில் மேப்பிள் மரங்கள் சாற்றைக் கொட்டு கொட்டென்று கொட்டிய வாரம். அத்தனையையும் அவர் அதில்தான் காய்ச்சினார். தீ பின்பக்கமாகப் பாய்ந்து கொப்பரையின் அடியைப் பிடித்துவிட்டது. பாகு முழுக்கக் கரி. யாருக்கும் காயமில்லை, அந்த மட்டில் கடவுள் காப்பாற்றினார். ஆனால் வேறு கொப்பரை தேடி மாட்டுவதற்குள் வெயில் ஏறி, மரத்தில் மொட்டு வந்துவிட்டது. மொட்டு வந்தபின் இறங்கும் சாறு பாகுக்கு ஆகாதே. ஒரு வருஷத்துப் பாடு போயிற்று. ஆல்டன் ஒரு வார்த்தை திட்டவில்லை. எதிரே வண்டியில் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வாரே, அதை மட்டும் நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஏன் அப்படி ஆயிற்று என்று நீங்கள் படிக்கும்போதே ஊகித்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். அடுப்புக்குள் காற்றும் தீயும் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரிலேயே பார்க்க, போன வருஷம் இரண்டு சாப்ட்வேரை மாதிரிக்கு வரவழைத்தோம் அல்லவா? ஒன்று, நீங்கள் வரைகிற புரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, வரைபடத்தை அப்படியே விழுங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் கலர்ப் படம் காட்டிவிடும். இன்னொன்று ஒவ்வொரு துளையிலும் நின்று, ‘இதை மூடவா, வேண்டுமென்றே வைத்ததா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் பொறுமையாகப் பதில் சொல்லி முடித்து, இதைத்தான் வாங்க வேண்டும் என்றீர்கள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உங்கள் தம்பி சொன்னது என் காதில் இன்னும் கேட்கிறது. "ஒரு அடுப்புக்கு இத்தனை கேள்வியா? எங்கக்காவையே பெட்டியில போட்டு விக்கிறாங்க போலிருக்கு! வீட்டுல ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்றார். பட்டறை ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நீங்கள் மட்டும் "பீன்ஸ்ல உப்பு கம்மி நோரீன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். மறுநாள் உங்கள் காரும் இல்லை, நாயும் இல்லை. நான் சிரித்திருக்கக் கூடாது, அக்கா.

உங்கள் தம்பி கேள்வி கேட்காததைத்தான் வாங்கினார். அதுவோ, அடுப்பின் தீயறைப் பக்கச் சுவரில் நீங்கள் வரிசையாக வைத்திருந்த சின்னச் சின்னக் காற்றுத் துளைகளைத் தூசி என்று நினைத்துத் தானே அடைத்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அடைத்ததைத் திரையின் அடியில் ஒரு வரியில் சொல்லியும் இருந்தது. யார் படித்தார்கள்? பின்பக்கம் தீ போதவில்லை என்று படம் காட்ட, பெரிய ஊதுவிசிறியாகப் பார்த்து மாட்டினார். நிஜ அடுப்பில் துளைகள் திறந்துதானே இருக்கும்? துளைக் காற்றும் விசிறிக் காற்றும் சேர்ந்துகொண்டன. முற்றத்தில் வைத்துச் சோதித்தார்தான், தண்ணீர் ஊற்றி. எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் கருகுமா?

ஆல்டனுக்கு வேறு அடுப்பு செய்து தருவதாக உங்கள் தம்பி வாக்குக் கொடுத்திருக்கிறார். இலையுதிர்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷமும் ஆல்டன் கொட்டகையில் புகை வராது. நம் பட்டறையின் பேரையும் அதோடு மறந்துவிடலாம். அதனால் நீங்கள் சொன்ன சாப்ட்வேரையே வாங்கி, நாள் முழுக்க அதற்குமுன் உட்கார்ந்திருந்தார். மீசையைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு துளைக்கும் பதில் சொன்னார். "இவ்வளவையும் யோசிச்சா வரைஞ்சிருக்கா? நான் ஏதோ கை போன போக்குல போட்டான்னு நினைச்சேனே!" என்று என்னிடம் சொன்னார். அதை அக்காவிடமே சொல்லுங்களேன் என்றேன். "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு?" என்றார்.

போன புதன்கிழமை அடுப்பின் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு துளைக்கு வந்து நின்றுவிட்டார். சுண்டுவிரல் பருமன், மேல்நோக்கிச் சாய்ந்தது. காற்றுக்கா, புகைக்கா, எதற்கென்று தெரியவில்லை. நம் வெல்டர் டூவேன், "சும்மா மூடுன்னு அமுக்கு முதலாளி, வேலை நகரட்டும்" என்றான். உங்கள் தம்பி அவன் கையைத் தட்டிவிட்டார். "அக்கா வெச்சது. அவ சொல்லாம நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு எந்த வேலையும் நடக்கவில்லை. தகடுகள் வெட்டாமல் கிடக்கின்றன. தினமும் திரையை மட்டும் அணைத்துவிட்டு வருகிறார். காலையில் போட்டால் அதே கேள்வி நிற்கிறது.

நான் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்பார், பிறகு தபால் போயிற்றா என்று நாலு தடவை வாசலுக்கு நடப்பார். உங்கள் இருவருக்கும் ஒரே ரத்தம்தானே.

ஆல்டன் வீட்டுப் பாகு இந்த வருஷம் கிடையாது. எங்கள் மரத்துப் பாகில் ஒரு ஜாடி உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். ஐஸ் பெட்டியில் ஒரு வாளிப் பனியும் இருக்கிறது, பாகைக் காய்ச்சி அதன்மேல் ஊற்றி, மிட்டாயாய் இறுகியதும் சுருட்டித் தருகிறேன். அதோடு கடித்துக்கொள்ளும் புளிப்பு ஊறுகாய் போன வருஷத்துதே மிச்சம். நீங்கள் இல்லாமல் யாரும் அந்த ஜாடியைத் திறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க வேண்டாம். அந்தத் துளை எதற்கென்று ஒரு கார்டில் ஒரு வரி எழுதிப் போட்டாலும் வேலை நடந்துவிடும், எனக்குத் தெரியும். ஆனால் எழுதாதீர்கள், அக்கா. வந்து சொல்லுங்கள்.

உங்கள் அன்புள்ள,
நோரீன்