எந்தத் தொட்டிக்கு இறால் போட்டீர்கள்?

அன்புள்ள கப்பல் சமையல்காரருக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், முதுகுவலி தேவலையா?

உங்கள் மின்னஞ்சல் நேற்று வந்தது. அலை, காற்று, புது கேப்டனின் நாக்கு என்று நீட்டி முழக்கிவிட்டு, கடைசி வரியில் போகிறபோக்கில் ஒரு குண்டைப் போட்டிருக்கிறீர்கள். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது தொட்டித் தண்ணீரை மாற்றத்தானே லீவில் வந்திருந்த உங்களை என் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன்? "பாவம், கையை விரிச்சிக்கிட்டு நிக்குதுங்க, மனசு கேக்கல, ஒரு தொட்டிக்கு மட்டும் கொஞ்சம் இறால் குஞ்சு போட்டேன்" என்கிறீர்களே! கடல் சாமந்தி எப்போதும் கையை விரித்துக்கொண்டுதான் நிற்கும். பூ மாதிரி இருந்தாலும் அது கடல் பிராணி, உங்கள் பந்திக்கு வந்த விருந்தாளி இல்லை.

டி.என்.ஏ.வில் சில துண்டுகள் இருந்த இடத்தில் இருக்காது, தாவும். அபூர்வமாக ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கே போய்விடும். இறாலின் துண்டு ஒன்று கடல் சாமந்திக்குள் குடியேறியிருக்கிறது என்று கண்டுபிடித்தேனே, கப்பல் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன். டி.என்.ஏ. எடுக்க அவற்றை அரைப்பதற்கு முன் ஐந்து நாள் பட்டினி போடுவதே, வயிற்றில் கிடக்கும் இரையின் டி.என்.ஏ. கலந்துவிடக் கூடாது என்றுதான். நான் அரைத்தது இடது தொட்டியில் இருந்தவற்றை. நீங்கள் வலதுக்குப் போட்டிருந்தால் பிழைத்தேன். இடது என்றால், நான் கண்டுபிடித்தது நீங்கள் பரிமாறிய சாப்பாடு. ஐயோ, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது!

வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பியாக வேண்டும். மறுபடி செய்து பார்க்க, டி.என்.ஏ.வைப் படிக்கும் இயந்திரத்தில் என் முறை வர நாலு மாதம் ஆகும். என் வேலையோ இன்னும் இரண்டு மாதம்தான். சொல்லிவிடலாம் என்று பேராசிரியர் அம்மாவின் அறை வாசல்வரை காலையிலிருந்து இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன்.

காரணம் சொல்லாமல் எந்தத் தொட்டி என்று மட்டும் கேட்டிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் எனக்கு வராது. பதினோரு வருஷமாக உங்களிடம் எதை மறைத்தேன்?

யார் பசியும் உங்களுக்குத் தாங்காது, தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். அதனால் 'வலது' என்று எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. எழுதிவிட மாட்டீர்களா என்றும் இருக்கிறது. வியாழனுக்குள் பதில் போடுங்கள். அந்தப் பிராணிகளைப் பார்த்துப் பட்ட பாவத்தை என்னைப் பார்த்துப் படாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஊருக்கெல்லாம் போட்டுவிட்டு நீங்கள் சாப்பிடாமல் கிடக்காதீர்கள்.

கொள்ளைக் கோபத்துடன்,
உங்கள் மனைவி