கேட்டில் வைத்து அவிழ்த்த தலை

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்றாவது தடவையில் தேறிவிட்டது!

போன இரண்டு தடவையும் துணியை மெலிசாகக் கிழித்ததுதான் தப்பு. சுருட்டை இன்னும் சுருட்டையாகிப் போனது. இன்றைக்குத் தலைக்குக் குளித்து, பாதி ஈரத்தில் சிக்கெடுத்து, முடியை ஏழாகப் பிரித்தேன். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வாழைக்காய் தடிமனுக்கு மடித்து, ஒவ்வொன்றிலும் முடியை இழுத்துச் சுற்றி உச்சியில் முடிச்சுப் போட்டேன். ஏழு மணி நேரம் கழித்து அவிழ்த்தால், அத்தனை சுருளும் தளர்ந்து அலை அலையாக விழுகிறது. இரண்டு வருஷம் முன்னால் அயர்ன் போட்டு நுனியெல்லாம் கருகி, ஒரு சாண் முடியை வெட்டி எறிந்தவள் நான். இனி சூடு என் தலைப்பக்கமே வரக் கூடாது.

அம்மா பார்த்துவிட்டு, "தலையில என்னடி, கொழுக்கட்டையா அவிக்கிற?" என்றாள். சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

நாளை சாயங்காலம் சித்தப்பா மகள் அனுப்பிரியாவுக்கு நிச்சயச் சேலை எடுக்க விருதுநகர் போகிறோம். மாப்பிள்ளை வீட்டாரும் வருகிறார்கள். கம்பெனி விட்டதும் நேரே போக வேண்டும். காலையிலேயே முடியைச் சுற்றி, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். பட்டாசுக் கம்பெனியில் இரும்பு கிளிப் கூடாது, பாலிஸ்டர் கூடாது, போன் கூடாது. என் தலையில் இருக்கப்போவது வெறும் பருத்தி. யார் என்ன சொல்ல முடியும்?

ஆகஸ்ட் 21, வியாழன்

சொன்னார். என் சித்தப்பாவே சொன்னார்.

காலை கம்பெனி கேட்டில் போர்மேன் காளிராஜ் நிற்கிறார். ஆமாம், அனுவின் அப்பா, என் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். போன வாரம் எவளோ போனை ஒளித்து உள்ளே கொண்டுபோய் மாட்டிக்கொண்டாள். முதலாளி அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அந்தக் கடுப்பு அவருக்கு. சரி. என் துண்டு புடைத்திருந்ததும் உண்மைதான்.

"தலையில என்ன?"

"முடி சித்தப்பா."

"சித்தப்பா எல்லாம் வீட்டுல. அவுரு."

பெண்களைச் சோதிக்க உள்ளே ஒரு ரூம் இருக்கிறது. பொன்னுத்தங்கம் அக்காதான் அங்கே சோதிப்பாள். அக்காவும் "நான் பாக்கேன்ணே" என்று கையைக் காட்டிக்கொண்டு வந்தாள். கேட்டாரா? கேட்டில் வைத்தே அவிழ்க்க வைத்தார். ஒரு வேன் நிறையப் பொம்பளைகள், லோடு ஏற்ற வந்த ஆம்பிளைகள், எல்லாரும் பார்க்க, ஏழு முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஈர முடி பரட்டையாகத் தொங்கியது. லோடுகாரன் ஒருத்தன் சிரித்தான்.

ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகாவது வாயை மூடியிருக்கலாம். சொன்னார்: "வேலைக்கு வார எடத்துல மினுக்கு எதுக்கு? எவன மயக்க?"

எவனை! பெற்ற மகளைப் போல என்று ஊரெல்லாம் சொல்வாரே, அந்த மகளைப் பார்த்து!

துண்டை அங்கேயே உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வீடு வந்தேன். சேலை எடுக்கப் போகவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. அம்மா காலையிலிருந்து புலம்பல்.

"அப்பா இல்லாத வீட்டுக்கு அவருதான் துணை. சீசன் நேரம் வேற. போயி ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுரு."

நான் கேட்க வேண்டுமாம்! நான்!

தெளிவாக எழுதி வைக்கிறேன், பின்னால் மனசு மாறிவிடக் கூடாது. சோதித்ததற்குக் கோபம் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் சோதிக்கத்தான் வேண்டும். அந்தச் சொல்லுக்குத்தான் கோபம். எந்தப் பொம்பளைகள் முன்னால் சொன்னாரோ அவர்கள் முன்னாலேயே தப்பு என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அந்தக் கேட்டை மிதிக்க மாட்டேன். "சுருட்ட முடிக்காரிக்கு எப்பவுமே பிடிவாதம்" என்கிறாள் அம்மா. ஆமாம். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 23, சனி

அனு வந்தாள். அவளுக்கும் எங்கள் வீட்டுச் சுருட்டைதான். நாளைய நிச்சயத்துக்காகச் சித்தி அவளைப் பார்லருக்குக் கூட்டிப்போய் ஒத்திகை பார்த்திருக்கிறாள். அயர்ன் காதில் பட்டு மடல் கொப்பளித்திருக்கிறது. "நீ சுத்துவியாம்ல மீனா, சூடில்லாம. எனக்கும் பண்ணிவிடேன்." கேட்டில் நடந்தது அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சித்தப்பா சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்?

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தக் காதைப் பார்த்ததும் முடியவில்லை. இவள் என்ன செய்தாள் பாவம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் போய் அனுவுக்குச் சுற்றிவிட்டேன். மகள் தலையில் ஏழு முடிச்சோடு வீட்டுக்குள் நடக்கிறாள். சித்தப்பா பேப்பரை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. "என்னப்பா, நல்லாருக்கா?" என்று அவளே போய்க் கேட்டாள். "ம்" என்றார். இவள் தலையில் இருந்தால் அலங்காரம், என் தலையில் இருந்தால் மினுக்கு!

சாயங்காலம் அவிழ்த்தேன். அவ்வளவு அழகு. பூ வைக்கும்போது மாப்பிள்ளையின் அத்தை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "முடி அம்புட்டு நல்லா இருக்கே, யாரு பண்ணுனா?"

சித்தப்பா முந்திக்கொண்டார். "சிவகாசியில பெரிய பார்லருங்க."

வெந்த புண்ணில் வேல். என் கையில் வெற்றிலைத் தட்டு. அதை அத்தையின் முன்னால் வைத்தேன்.

"பார்லர் இல்ல அத்தே. நாந்தான் பண்ணேன், வேட்டித் துணிய வச்சு. எங்க சித்தப்பா இதுக்கு மினுக்குன்னு பேரு வச்சிருக்காக."

அத்தை ஒன்றும் புரியாமல் சிரித்தாள். சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது. பந்தி முடிந்ததும் அனு என்னைத் தனியாக இழுத்துப்போய் என்னவென்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சபையில் சித்தப்பாவைப் பேசிவிட்டேனாம், அம்மாவுக்குக் கோபம். சோற்றுத் தட்டை ணங்கென்று வைக்கிறாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி லீவு. சித்தப்பா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார், ஆர்டரைப் பற்றிப் பேசினார், அம்மாவின் முட்டு வலியை விசாரித்தார். கடைசியில்,

"நாளைக்கு வேலைக்கு வாத்தா. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஒண்ணு சொல்லணும் சித்தப்பா. அதத்தான் கேக்கேன்."

"போர்மேன் போயி கேட்டுல நின்னு சாரி கேட்டா நாளைக்கு எவ மதிப்பா?"

"அன்னைக்கு நான் நின்னேன்ல?"

எழுந்து போய்விட்டார். காப்பி ஆறிக் கிடந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகைதான். கோபத்தில் வருகிற அழுகையை யாரிடம் விளக்குவது?

ஆகஸ்ட் 29, வெள்ளி

விஸ்வநத்தத்தில் வேறொரு கம்பெனி. நான் பார்த்த அதே லேபிள் ஒட்டுகிற வேலை. பொன்னுத்தங்கம் அக்காதான் சொல்லிவிட்டாள். போய்ப் பார்த்தேன். திங்கள்கிழமை வரச் சொன்னார்கள்.

செப்டம்பர் 1, திங்கள்

எல்லாக் கம்பெனி வேனும் எங்கள் ஊரில் ஒரே ஸ்டாப்பில்தான் நிற்கும். பழைய வேன் முதலில் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முன் சீட்டிலிருந்து, என்றைக்கும் வேனில் வராத சித்தப்பா இறங்கினார். டிரைவரிடம் வண்டியை அணைக்கச் சொன்னார். உள்ளே அதே பொம்பளைகள், ஜன்னலெல்லாம் தலைகள்.

"அன்னைக்குக் கேட்டுல இவள நான் பேசுனது தப்பு" என்றார், அவர்களைப் பார்த்து. சத்தமாகத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அனு எட்டு நாளா எங்கூடப் பேசலத்தா. எந்தலையவும் கேட்டுல வச்சு அவுப்பீகளாப்பான்னு கேட்டா. மன்னிச்சிரு."

இத்தனை நாளும் இதைத்தானே கேட்டேன்? கேட்டது கிடைத்துவிட்டது.

"ஏறு. ஒன் எடம் அப்படியே இருக்கு" என்றார்.

"மனசுல ஒண்ணும் இல்ல சித்தப்பா. நெசமா. ஆனா அந்தக் கேட்டுக்குள்ள இனி வரல."

தலையை ஆட்டினார். டிரைவரிடம் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். பின்னாலேயே விஸ்வநத்தம் வேன் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது.