பதினான்கு நாடாக்கள்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே நான், உன் தங்கை, தையல் மெஷின் மூன்று பேரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போன வாரம் போனில் உன் குரல் கரகரவென்று இருந்ததற்கு ஏசிதான் காரணம் என்றாய், நான் நம்பவில்லை. இதை எழுதுவது சின்னவள். சொன்னதைத்தான் எழுதுகிறாளா என்று பக்கத்துக்கு இரண்டு தரம் படித்துக்காட்டச் சொல்கிறேன். வாயே திறக்காத பெண்ணை எந்த அளவுக்கு நம்புவது.

நீ கேட்டதைப் போனில் சொல்லக்கூடாது என்றுதான் கடிதம். நீ படிக்கிற இடத்தில் உன் ஆராய்ச்சிக்கு அவர்களே பணம் தருகிறார்கள் என்றாய். படிக்கிறவர்கள் கட்டித்தான் பார்த்திருக்கிறேன். நம் தெருவில் தண்ணீர் புகுந்தால் நாம் எப்படிச் சமாளிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒருவர் நான்கு வருஷம் சம்பளம் தருகிறார் என்றால் அவருக்கு இதில் என்ன வேலை? எதிர்வீட்டு இஸ்திரிக்காரரிடம் கேட்டேன். "சும்மா குடுக்கிறவன் நம்ம எடத்து மேல கண்ணு வச்சிருப்பான்க்கா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் கரியைக் கிளறினார். எனக்கும் அதேதான் தோன்றியது.

இரண்டு மாதம் முன்னால் உங்கள் ஆராய்ச்சி ஆள் ஒருவர் டேப்லட்டோடு வந்து, போன வருஷ வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று வீடு வீடாகக் கேட்டார். நல்ல பையன், வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். ஆனால் முன்பு ஒருதரம் கீழ்த்தெருவுக்கு இப்படி ஒருவர் நோட்டோடு வந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தத் தெருக்காரர்கள் கழுத்தளவு என்று உண்மையைச் சொன்னார்கள். உடனே அதிகாரிகள் வந்து கதவில் எண் எழுதினார்கள். ஆறு மாதத்தில் ஆபத்தான இடம் என்று சொல்லி எல்லோரையும் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதனால் நான்தான் முந்தின நாளே ஒவ்வொரு வீடாகப் போய், எல்லோரும் கணுக்கால் அளவு என்று சொல்லுங்கள் என்றேன். இஸ்திரிக்காரர் ஒரு படி மேலே போய், "செருப்பு கூட முழுசா நனையல தம்பி" என்றார். அந்தப் பையன் அதையும் எழுதிக்கொண்டான்.

இப்போது நீ சொல்கிறாய், நம் தெருவுக்கு ஆபத்து குறைவு, மீள்திறன் அதிகம் என்று வருகிறதாம், அப்படியே போனால் அரசாங்கத்திடம் வெள்ளத் தடுப்புச்சுவர் கேட்கும் பட்டியலில் நம் தெரு இருக்காதாம். மீள்திறன் என்றால் என்ன என்று கேட்டேன், விழுந்தாலும் எழுந்து நிற்பது என்றாய். உட்கார இடமில்லாமல் நின்றோம், அதற்கு இவ்வளவு பெரிய பேரா? கணுக்கால் தண்ணீருக்குப் பதினான்கு வீட்டிலும் ஒரே மாதத்தில் எப்படிக் கட்டில் மாற்றினார்கள் என்று நீ கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சந்தேகப்படுகிற புத்தி உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. வெள்ளம் வந்த அன்று உனக்குப் பரீட்சை, அதனால் உன்னிடமும் கணுக்கால் என்றுதான் சொன்னேன்.

வீட்டு எண் போட்டு உயரம் எழுதி அனுப்பச் சொன்னாய். எண் தரமாட்டேன். உன்னை நம்புகிறேன், உனக்குச் சம்பளம் தருகிறவரை நம்பவில்லை. ஆனால் சுவர் வராமல் அடுத்த மழைக்கு இந்தத் தெருவில் யாருக்காவது ஏதாவது ஆனால் அந்தப் பழி என் தலையில். அதனால் சின்னவள் தன் தையல் கம்பெனியில் மிஞ்சிய நாடாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். தரையிலிருந்து சுவரில் கறை நிற்கும் இடம் வரை பிடித்து வெட்டி வந்தாள். பேர் இல்லை, எண் இல்லை, வெறும் உயரம். யார் வீட்டு நாடா எது என்று இப்போது எனக்கே தெரியாது. மற்றதெல்லாம் வெள்ளை, நம் வீட்டுடையது மட்டும் சிவப்பு. இடுப்பு வரைதான், பயப்படாதே. பதினான்கையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், இதை வைத்துச் சுவர் கேள். எந்த வீடு என்று கேட்டால், அம்மா சொல்லவில்லை என்று சொல்.

ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. வெந்நீர் குடி.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும் அம்மா

அக்கா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். இதைப் படித்துக்காட்ட மாட்டேன். சிவப்பு நாடாவை இடுப்பளவுக்கு வெட்டச் சொன்னார், நான் கறை வரைக்கும் வெட்டினேன். ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை நிமிர்த்திப் பிடி. நீ உயரம், உனக்குத் தோள் வரை வரும். எனக்கு உதடு வரை வந்தது. அம்மா என்னைவிடக் குள்ளம், அன்று அவரை மெஷின் மேசை மேல் ஏற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். உயரத்தைச் சரியாக எழுதிக்கொள். போன் பண்ணும்போது மட்டும் அம்மாவிடம் இடுப்பு வரை இருந்தது என்று சொல்லிவிடு.