வெட்டிவேர் வைத்த பக்கம்

அக்கா,

இன்று காலை ஒரு பழைய மெத்தையின் தையலைப் பிரித்தேன். மூத்திர நாற்றமும் வெட்டிவேர் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. இந்த இரண்டையும் ஒரே மெத்தைக்குள் சேர்த்து வைத்த புண்ணியவதி எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதனால் மூக்கில் ஏறியதுமே அது யார் படுத்திருந்த மெத்தை என்று தெரிந்துவிட்டது. கொல்லைக்கு ஓடி வாழை மரத்தடியில் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் அதன் முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த மெத்தை நம் கடைக்கே திரும்பி வந்திருக்கிறது.

கொண்டுவந்தது ராசாத்தி. பூதலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருக்கிறாளே, நடவுக்கு வருவாள், அவள்தான். மேலே பழைய சேலையால் உறை தைத்திருந்ததால் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்காரன் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறானாம். “கொஞ்சம் பஞ்ச அடிச்சு, வேற உறை போட்டுக் குடுங்க” என்று சொல்லி இறக்கி வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

நம் தொழிலே இப்படிப்பட்டதுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முன்கூடத்தில் வெள்ளை வெளேர் என்று குவிந்திருக்கும் இலவம் பஞ்சைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு சுத்தமான தொழில்” என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். புது மெத்தை தைப்பது மாதத்துக்கு நாலு. பழசைப் பிரித்து அடித்துத் தருவதுதான் மற்றதெல்லாம். பிரித்தால் உள்ளே இருப்பது என்ன? பிள்ளைகள் பெய்த மூத்திரம், தலை எண்ணெய்ப் பிசுக்கு, மூட்டைப்பூச்சி, வெற்றிலை எச்சில், இன்னும் வாயால் சொல்ல முடியாதது. சலவை வேட்டி மடிப்புக் கலையாமல் பஞ்சாயத்துக்கு வருகிறாரே கீழத்தெரு பெரியவர், அவர் வீட்டு மெத்தையைப் பிரித்த அன்று நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. நீங்கள்தான் சிரித்தீர்கள். “மேல பாத்தா கோடு போட்ட துணி. உள்ள எல்லார் வீட்டுதும் ஒண்ணுதான் செல்வி.”

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். அவர்கள் இருவரும் வயலுக்குப் போனபின், வீட்டு வேலையோடு வேலையாக முன்கூடத்தில் மெத்தை தைக்க ஆரம்பித்தோம். பேசி வைத்துக்கொண்டதில்லை, ஆனாலும் முதல் நாளிலிருந்தே பிரிப்பது நீங்கள், தைப்பது நான். என் மூக்கு லட்சணம் தெரிந்துதான் அப்படிச் செய்தீர்கள். முழங்கை வரை உள்ளே விட்டு அழுக்குப் பஞ்சை வாரி வெளியே போடுவீர்கள். அதே கையைத் தொட்டித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு வந்து சோறு பிசைவீர்கள். குழம்பில் மிதக்கும் பஞ்சை எல்லோரும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவோம். நீங்கள் சேர்த்து விழுங்குவீர்கள். எனக்கு உங்களைப் பார்த்தாலே அருவருப்பு. என் சொம்பைத் தனியாக மாடத்தில் வைத்துக்கொண்டேன். அதை ஏன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. ஒரு நாள் சிவப்புப் பசு உள்ளே புகுந்து ஒரு மூட்டைப் பஞ்சைத் தின்றுவிட்டபோது, அதன் தொண்டைக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்ததும் நீங்கள்தான். நான் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட உங்களுக்கு வலது கையும் காலும் விழுந்தன. சம்பா அறுப்பு நேரம். உங்கள் வீட்டுக்காரர் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். திருச்சியிலிருந்து உங்கள் மகனும் மருமகளும் காரில் வந்தார்கள். மகன் நிலைப்படியைத் தாண்டவில்லை. மருமகள் கைப்பையிலிருந்து ஒரு ஸ்ப்ரேயை எடுத்து அறை முழுக்க அடித்தாள், கொசுவுக்கு அடிக்கிற மாதிரி. “சித்தி, நீங்க இருக்கறதாலதான் நாங்க நிம்மதியா இருக்கோம்” என்றான் மகன். இப்படி ஒரு பிள்ளையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஸ்ப்ரே எங்கே விற்கிறது என்று கேட்டுக்கொள்ளலாமா என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் தோன்றின.

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து உங்களுக்குப் புது மெத்தை தைத்தோம். யாருக்கும் தெரியாமல் அதன் தலைமாட்டில் ஒரு துணிப்பையில் வெட்டிவேரை அடைத்து, உள்ளே வைத்துத் தைத்தேன். முதல் நாள் படுத்ததுமே கண்டுபிடித்துவிட்டீர்கள். கோணிய வாயோடு, “எனக்கு குளுந்து இருக்கணும்னு வெட்டிவேர் வெச்சியா” என்று கேட்டு அழுதீர்கள். நான் “ஆமாக்கா” என்றேன். பொய். உங்கள் குளிர்ச்சியை யார் நினைத்தது? என் மூக்குக்காக வைத்தேன். தினமும் இரண்டு வேளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக் கழுவ வேண்டுமே என்று வைத்தேன். வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டபோது பாத்திரம் கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போய்விடுவேன்.

அதுவும் போதவில்லை. தலைமாட்டில் இருக்கிற வாசனை நான் உட்காரும் இடுப்புப் பக்கம் வரை எட்டவில்லை. ஒரு நாள் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ஊரார் அழுக்கையெல்லாம் எனக்காக வாரிப் போட்டவருடைய அழுக்கை ஒரு வேளைகூட என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் நான் முந்தானையைக் கட்டவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பாதியில், “மாடு கத்துது பாரு, தண்ணி காட்டிட்டு வா” என்று என்னை அனுப்புவீர்கள். போய்ப் பார்த்தால் மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். படுத்த படுக்கையிலும் இந்த அதிகாரமா என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வருவேன்.

ஒரு நாள் ஊசியும் நூலும் கேட்டீர்கள். “கை சும்மா கெடக்குடி” என்றீர்கள். விழாத இடது கையால் என்னத்தைத் தைத்துவிடப் போகிறீர்கள் என்று நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு நெல் காயப்போடப் போனேன். சாயங்காலம் வந்து கேட்டால் ஊசியைக் காணோம் என்றீர்கள். எனக்கு வந்த கோபம்! “படுக்கையில ஊசியத் தொலைச்சா என்னக்கா அர்த்தம்? குத்திச் சீழ் வெச்சா அதையும் நானா தொடைக்கணும்?” என்று கத்தினேன். “குத்தாது” என்றீர்கள். அவ்வளவுதான்.

நீங்கள் போன அன்று உடம்பை எடுத்து வெளியே கிடத்தியதும் உங்கள் மகன் முதலில் செய்த காரியம் மெத்தையைத் தூக்கச் சொன்னதுதான். செத்தவர் படுத்த மெத்தையை வீட்டில் வைக்கக்கூடாது, வெண்ணாற்றங்கரையில் போட்டுவிட வேண்டும். அது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவன் மெத்தையோடு நிறுத்தவில்லை. தலையணை, உங்கள் சேலைகள், நீங்கள் சாப்பிட்ட தட்டு, எல்லாவற்றையும் மூட்டை கட்டி டிராக்டரில் ஏற்றச் சொன்னான். மருமகள் கதவு ஜன்னலெல்லாம் திறந்து வைத்தாள். இன்னும் மாலை வந்து சேரவில்லை, மேளம் வரவில்லை. உங்கள் வாடை போவதில்தான் அவர்களுக்கு அவசரம். த்தூ என்று இருந்தது. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, “பெத்த பொண்ணு கூட இப்படிப் பாக்க மாட்டா, மெத்தையில வெட்டிவேர் வெச்சுப் பாத்தாளே” என்றபோது அதைவிடக் கேவலமாக இருந்தது.

அப்படி எறிந்ததைத்தான் ராசாத்தி எடுத்து வந்திருக்கிறாள். அவள் திரும்பி வந்ததும் கேட்டேன்.

“ஏண்டி, இது எங்கேர்ந்து கெடைச்சுது?”

“ஆத்தங்கரையில கெடந்துச்சுங்க. மழை வர்றதுக்குள்ள தூக்கிட்டு வந்து கொட்டாய் பரண்ல போட்டு வெச்சேன்.”

“சாவு மெத்தைன்னு தெரியுமா தெரியாதா? இதெல்லாம் நாங்க தொடறதில்லன்னு ஊருக்கே தெரியும்.”

“தெரியுங்க. அதான் சேலையில உறை தெச்சுக் கொண்டாந்தேன்” என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “அவருக்கு முதுகெல்லாம் புண்ணாயிட்டுதுங்க, தரையில கெடந்து” என்றாள்.

எனக்கு அருவருப்பு அடங்கவில்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. பிள்ளை எறிந்ததை இவள் எடுத்தாள். எறிந்த கையைவிட எடுத்த கை எந்த விதத்தில் மட்டம்? அவளைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? “சாயங்காலமா வா” என்று அனுப்பிவிட்டு, நீங்கள் செய்கிற மாதிரி முழங்கை வரை உள்ளே கையை விட்டேன். வெட்டிவேர்ப் பையை முதலில் எடுத்துவிடலாம் என்று தலைமாட்டில் துழாவினேன். அங்கே இல்லை. நான் வைத்துத் தைத்த இடத்தில் பஞ்சுதான் இருந்தது.

பை இடுப்புப் பக்கத்தில் இருந்தது, அக்கா. வலப்புற ஓரத்தில், நான் தினமும் குந்தி உட்கார்ந்த இடத்துக்கு நேராக. ஓரத்துத் தையலை ஒரு சாண் அளவு பிரித்து, உள்ளே திணித்து, மறுபடி மூடியிருந்தது. தையல் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. நண்டு ஊர்ந்த மாதிரி. இடது கைத் தையல். பையிலேயே குத்தி வைத்திருந்தது அந்த ஊசி, துருப்பிடித்து.

தலைமாட்டிலிருந்து அதை உருவி, விழுந்த உடம்பைப் புரட்டி, உங்கள் வலது கை கிடந்த பக்கத்துக்கு இடது கையைக் கொண்டுவந்து தைக்க உங்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆகியிருக்கும். மேலே விரிப்பு, நானோ தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எனக்குத் தெரியாமலே போயிற்று. எனக்காக நான் வைத்ததை எனக்கே எட்டும்படி நகர்த்தி வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னீர்களே, அது என்ன? எல்லாம் தெரிந்துகொண்டேதான் சொன்னீர்களா? எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வருகிறது. “உனக்குக் குமட்டுது, எனக்குத் தெரியும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காலைப் பிடித்து அழுதிருப்பேன். அதைச் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அனுப்பினீர்கள்.

அழுக்குப் பஞ்சையெல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். அப்போதும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ராசாத்தி வீட்டுக்காரனுக்குப் புதுப் பஞ்சு, புது உறை. நாலு பக்கமும் தைத்துவிட்டு ஒரு ஓரத்தில் ஒரு சாண் மட்டும் மூடாமல் வைத்திருந்தேன். அவள் வந்ததும் கேட்டேன்.

“நீ எந்தப் பக்கம் உக்காந்து அவனுக்குத் தொடைச்சு விடுவே?”

“எதுக்குங்க?”

“சொல்லு.”

யோசித்துவிட்டு, “இந்தப் பக்கம். அந்தப் பக்கம் செவுருங்க” என்று தொட்டுக் காட்டினாள். அந்த இடத்தில் புது வெட்டிவேரை வைத்துத் தைத்தேன். அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், “தொடைச்சுட்டு வந்து உக்காந்தா சோறு எறங்கலக்கா” என்றாள்.

“எறங்காது. எனக்கும் எறங்கல” என்றேன்.

உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது அது. ராசாத்தியிடம் சொன்னேன்.