கிணத்தானும் அரை உயிரும்

இன்று மத்தியானம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கடல் பக்கமிருந்து "தும்" என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ களவாக வெடி போட்டு மீன் பிடிக்கிறார்கள். இடைக்கிடை கேட்கிறதுதான். ஆனால் கத்தியைப் பிடித்திருந்த என் கட்டைவிரல், நான் சொல்லாமலே, பிடியை ஒருமுறை அழுத்திவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும்! எல்லாம் உன்னால் வந்த பழக்கமடி, விசரி.

நீ ஈச்சிலம்பற்றிலிருந்து படிக்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த இரண்டாவது வருடம் அது. உனக்கும் பதினாலு, எனக்கும் பதினாலு. சவூதியில் வேலை செய்த என் சின்ன மாமா உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேம் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே ஒரேயொரு கேம், எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. வாளோடு ஒரு பெட்டை காடும் குகையுமாக அலைவாள். அவளுக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கட்டம் வந்தபோது, நான் யோசித்து முடிக்கு முன்னமே நீ உன் பெயரை இங்கிலீசில் அடித்துவிட்டாய். பெட்டி என்னுடையது, பெயர் உன்னுடையது. அந்தக் கோபத்தில் நான் ஒரு கிழமை உன்னோடு கதைக்கவில்லை.

குகைக்குக் குகை ஒரு பெரிய எதிரி இருப்பான். அவன் விழுந்தால் நடுவில் ஒரு இதயம் மிதந்து வரும். அதைத் தொட்டால் குறைந்துபோன உயிரெல்லாம் நிரம்பும். நாலு பேரை எப்படியோ விழுத்தினோம். ஐந்தாவது ஆளிடம் மாட்டிக்கொண்டோம். கிணறு போல இருட்டுத் தண்ணீர் நிறைந்த ஒரு அறை. உள்ளே இருப்பவனுக்கு முகமில்லை. "தும்" என்று ஒரு சத்தம் வரும், வந்த கணத்தில் தண்ணீர் ஒரு இடத்தில் கறுக்கும், அப்போதே வெட்ட வேண்டும். பிழையான நேரத்தில் வெட்டினால் ஆளை இழுத்து விழுங்கிவிடுவான். நீதான் அவனுக்குக் கிணத்தான் என்று பெயர் வைத்தாய்.

எத்தனை தரம் செத்தோம்! விளக்கு வைக்கிற நேரத்தில் "செத்துப்போனன்" என்று நீ சொல்ல, அம்மா அகப்பையோடு வந்து ஏசுவார். உயிர் பாதியாகக் குறைந்துவிட்டால் பெட்டி "டிக், டிக்" என்று அடிக்கத் தொடங்கும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே போதும், பெட்டியை உன்னிடம் தள்ளிவிடுவேன். நீ சிரிப்பாய்.

"டிக் டிக் கேக்கிற வரைக்கும் சாகேல்லையடி. பயப்பிடாதை."

எங்கள் வீடு உள்துறைமுகப் பக்கம். தண்ணீருக்கு அடியால் யாரும் நீந்தி வந்து கப்பல்களுக்குக் குண்டு வைத்துவிடக் கூடாது என்று, காவல் படகுகள் இரவு பகல் பாராமல் சின்னச் சின்ன வெடிகளைத் தண்ணீருக்குள் போடும். "தும்." யன்னல் கண்ணாடி இலேசாக அதிரும். பிறந்ததிலிருந்து கேட்டதால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது ஒரு சத்தமாகவே படுவதில்லை. ஒழுங்கையால் ரோந்து போகிறவர்கள் கேட்டுவிடுவார்கள் என்று அப்பா பயந்ததால் பெட்டியின் சத்தத்தையும் குறைத்து, இரண்டு பேரும் காதை ஒட்டிக்கொண்டுதான் விளையாடுவோம்.

ஒரு பின்னேரம் பற்றரி தீர்ந்து திரை வெளிறி அணைந்தது. பெட்டி உன் மடியில் கிடந்தது. அப்போது "தும்" என்று கேட்டது. செத்த பெட்டிக்குள்ளிருந்து கிணத்தான் எங்களைக் கூப்பிடுகிறான் என்றே நினைத்தேன், சத்தியமாக. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டது. நீ மெதுவாக யன்னல் பக்கம் திரும்பினாய்.

"எடியே, இவ்வளவு நாளும் நாங்கள் ஹாபர் வெடிக்கு வெட்டியிருக்கிறம்."

விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அன்றிரவு லைட்டை அணைக்க வேண்டாம் என்று நீதான் கேட்டாய். அதற்குப் பிறகு எந்தத் "தும்" உள்ளே, எந்தத் "தும்" வெளியே என்று பிரித்தறிய எங்களால் ஏலவில்லை. தெரிந்துகொண்ட பிறகு இன்னும் மோசமாகச் செத்தோம்.

உன்னுடைய ஊரில் இந்தச் சத்தம் இல்லை என்றாய். தவணை விடுமுறைக்குப் போகும்போது பெட்டியைக் கொண்டுபோய், அமைதியாக இருந்து கிணத்தானை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னாய். நான் தர மாட்டேன் என்றேன். அப்போதுதான் அந்த ஒப்பந்தம் போட்டாய்.

"வெட்டுறது நான், உயிரை எடுக்கிறது நீ. இதயத்தைத் தொடாமல் அப்பிடியே விட்டு வைப்பன். பெட்டி உன்ரதெல்லே."

பெட்டியைக் கொண்டுபோகலாம், ஆனால் இயக்கம் இருந்த அந்தக் கரைக்குப் பற்றரி கொண்டுபோக ஏலாது, குண்டுக்கு உதவுமாம். பிடிபட்டால் விசாரணை. நீ என்ன செய்தாய்? அம்மா கட்டித் தந்த பிட்டுக்குள் இரண்டு பென்டோர்ச் பற்றரியைச் செருகினாய். மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்கு நிற்கும் வரிசையில் நேவிக்காரர் உன் பையைக் கவிழ்த்தார்கள். பெட்டியைத் திறந்து, வெறுமை என்று கண்டு திருப்பித் தந்தார்கள். பிட்டை மணந்து பார்த்தார்கள். நான் வேலிக்கு இப்பால் நின்று, பிடிபடக் கூடாது என்று கோணேசரை வேண்டினேன். வேண்டியது கிடைத்தது. அன்றைக்கு நீ பிடிபட்டிருந்தால் அழுது புலம்பி வீட்டுக்கு வந்திருப்பாய். அந்த வேண்டுதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும்.

நீ போய்ப் பத்து நாளில் பாதை பூட்டினார்கள். ஷெல் அடிக்கிறார்கள் என்று கதை வந்தது. பிறகு கதையும் வரவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கியது. உன் கதிரையில் வேறு ஒருத்தி இருந்தாள்.

மாரி முடியும் தறுவாயில் உன் அம்மா வந்தா. அவவை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன், உனக்குத் தெரியும். ஊரோடு இடம்பெயர்ந்து முகாமில் இருந்தா. எங்கள் வாசலில் நின்று சொப்பிங் பையைத் திறந்து பெட்டியை என் கையில் வைத்தா. பற்றரி இரண்டையும் டோர்ச்சுக்குக் கழற்றியதற்கு, பாவம், மன்னிப்புக் கேட்டா.

நீ அமைதி என்று சொன்ன ஊரில் மூன்று நாள் ஓயாமல் ஷெல் விழுந்ததாம். பங்கர்க் குழிக்குள் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருக்க, நீ மட்டும் பெட்டியைக் காதோடு ஒட்டிவைத்து, செத்துப்போனன், செத்துப்போனன் என்று முணுமுணுத்தாயாம். அந்தச் சொல்லுக்காக உன் வாயில் அடித்ததை மாமி என்னிடம் இரண்டு தரம் சொன்னா.

"கடைசியாய் 'விழுந்திட்டானம்மா' எண்டாள். ஆர் விழுந்தது எண்டு கேக்க எங்களுக்கு எங்க பிள்ளை நேரம்?"

பிறகு வெளியில் சத்தம் அடங்கியது. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று நீ கிணற்றடிக்குப் போனாய். பிந்தி வந்தது ஒரேயொரு ஷெல்தான். அதன் சத்தத்தை நீ கேட்டாயோ, எந்தப் பக்கம் என்று நினைத்தாயோ, எனக்குத் தெரியாது.

"பங்கரால ஏறிப் போகேக்க இதை என்ர மடியில வைச்சு, 'அவள் வந்து எடுப்பாள்' எண்டு சொன்னவள். நீ எங்க அங்க வாறது? அதுதான் நான் கொண்டந்தனான்."

மாமி போன பிறகு பற்றரி போட்டேன். அந்த இருட்டறை வந்தது. தண்ணீர் அசையவில்லை. கிணத்தான் இல்லை. உன் பெயர்கொண்ட பெட்டை ஓரத்தில் நிற்கிறாள், மேலே அரை உயிர், டிக், டிக். மூன்று அடி தள்ளி, நடுத் தண்ணீரில், அந்த இதயம் மிதந்துகொண்டிருந்தது. நான் வந்து எடுப்பேன் என்று நீ சொன்னது பெட்டியை அல்ல. குசினி நிலத்தில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

இன்றுவரை எடுக்கவில்லை. பெட்டி அலுமாரியில், பற்றரி இல்லாமல், உன் வெள்ளை ரிபனில் சுற்றிக் கிடக்கிறது. சண்டை முடிந்து துறைமுகம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் சில நாட்களில் அலுமாரிக்குள்ளிருந்து டிக் என்று கேட்கும். திறந்து பார்ப்பதில்லை. ஒருமுறை மட்டும் எடுத்துப்போய்த் திருத்துகிறவரிடம் காட்டினேன். நின்ற இடத்தை நினைவில் வைக்கக் கேமுக்குள் ஒரு சின்னப் பற்றரி உண்டாம், அது சாகிற அன்று எல்லாம் அழிந்துவிடும், நாள் சொல்ல ஏலாது என்றார்.

அதனால் இன்று அந்தத் "தும்" கேட்டதும் மீனை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கழுவி, பெட்டியை எடுத்துப் பற்றரி போட்டேன். அழிய முன்னம் உன் பேச்சைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான். இரண்டு அடி நடந்தேன். மூன்றாவது அடி வைத்தால் உயிரெல்லாம் நிரம்பும், டிக் டிக் நின்றுவிடும். விரல் வரவில்லை. ஏசாதை. பெட்டி இப்போது இந்தக் கடதாசிக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

கேட்குது.