கச்சான் காற்றில் ஓடிய பாய்ப்பலகை

இன்று காலை பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கராஜைக் கடந்து வந்தேன். உடைந்த வேன் பம்பர் ஒன்றுக்கு ஃபைபர் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தகர டப்பாவில் கலக்கிய ரெசின், மூக்கை அரிக்கும் அந்த மணத்தோடு வீதிவரை வந்தது. பக்கத்தில் நடந்தவர்கள் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்கள். நான் நின்றுவிட்டேன். கை தானாகச் சட்டைப் பையைத் தடவி, அங்கே இல்லாத ஸ்டொப் வொட்ச்சைத் தேடியது. நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் என் உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

அந்த மணம் முதன்முதலில் நம் விடுதி வீட்டின் பின்கட்டில்தான் எழுந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்து கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவன். நீங்கள் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்து, குளங்களையும் வாய்க்கால்களையும் பார்க்கும் உத்தியோகத்துக்காக இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர். யுத்தத்தால் ஊருக்குப் போகும் பாதை மூடிக் கிடந்தது. வீட்டுக் கடிதம் வர மாதக்கணக்காகும். வந்தாலும் அதில் இருப்பது பழைய செய்தி.

அணை கட்ட வந்த வெளிநாட்டுப் பொறியியலாளர்கள் விட்டுப்போன அந்தப் பாய்ப்பலகையை ஒரு களஞ்சிய அறையில் கண்டுபிடித்து, கேட்டு வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். ஆள் நீளத்தைவிடப் பெரிய பலகை. இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய பாய்மரம். எலி கடித்த பாய்.

"மாஸ்டர், இது என்னெண்டு தெரியுமோ?"

"படகுங்களா?"

"படகில்லை. இதில இருக்க ஏலாது. பாயைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டபடிதான் போகவேணும்."

"விழுந்தா?"

"விழுந்தால் திரும்ப ஏறவேணும். வேறென்ன?"

நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. எங்கள் தோட்டத்து ஓடை ஒரு மழைநாளில் என் சித்தப்பாவை இழுத்துப் போனதிலிருந்து, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நான் இறங்கியதில்லை. அப்படிப்பட்டவனைத்தான் நீங்கள் துணைக்குத் தேர்ந்தெடுத்தீர்கள்.

பசறையைத் தாண்டி மலை இறங்கிப் போனால் வரும் அந்தக் குளம். பலகையை முன்கூட்டியே லொறியில் அனுப்பிவிட்டு, பாயையும் மரத்தையும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனோம். அது முதல் பயணம். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்த சிப்பாய் அட்டையைத் திருப்பித் தரவில்லை. அவன் பார்வை சாக்குக்குப் போனது. நீளமான இரண்டு குழாய்கள். "மொகக்த மே?" இது என்ன என்று கேட்டான். நீங்கள் உங்கள் உடைந்த சிங்களத்தில் விளக்க விளக்க, அவன் முகம் இறுகிக்கொண்டே போனது. அதிகாரி வந்தார். இங்கேயே பொருத்திப் பூட்டிக் காட்டச் சொன்னார்.

வீதியோரத்தில் நாம் இருவரும் அதைப் பூட்டினோம். என் கையில் கயிறு துளைக்குள் போக மறுத்தது. பஸ்ஸில் வந்தவர்கள் நம்மிடமிருந்து விலகி மறுபக்கம் போய் நின்றார்கள். நீங்கள் மரத்தை நிமிர்த்தியதும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஒரே அடியாக அடித்தது. பாய் 'படார்' என்று வெடித்து விரிந்தது. அந்தச் சத்தத்துக்கு நாலைந்து துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் நம்மை நோக்கி உயர்ந்தன.

பாய் மட்டும் உங்கள் கையில் படபடத்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டால் ஓடுவதாக நினைப்பார்கள், அசைத்தால் அதற்கும் என்ன நினைப்பார்களோ தெரியாது. நீங்கள் அசையாமல் நின்றீர்கள். மெல்ல, மிக மெல்ல, பாயைக் காற்றுக்குப் பக்கவாட்டாகத் திருப்பினீர்கள். படபடப்பு அடங்கியது. அதிகாரி நெடுநேரம் பார்த்துவிட்டுத் துப்பாக்கிகளைத் தாழ்த்தச் சொன்னார். நம் பெயர்களை எழுதிக்கொண்டு போகவிட்டார்.

பஸ்ஸில் ஏறிய பிறகு, "இனிமே வேணாங்க" என்றேன்.

"பெயர் எழுதியாச்சுத்தானே. இனி ஒவ்வொரு முறையும் சுகமாப் போகலாம்" என்றீர்கள். உங்கள் குரல் மாறியிருந்ததா என்று அன்று நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு கச்சான் வீசும் மாதங்களில் சனிக்கிழமை வந்தால் குளம்தான். மலைக்கு மேலே கொழுந்தை வாடவைக்கும் அந்த வறண்ட காற்று கீழே இறங்கும்போது சூடேறி வெறிபிடித்து வரும். குளக்கட்டின் மேலால் பாய்ந்து நீரில் விழும். கட்டை ஒட்டிய பகுதியில் அலையே இராது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், மேலே புயல் மாதிரிக் காற்று. வேகமாக ஓட அதைவிட நல்ல இடம் வேண்டாம் என்பீர்கள். குளக்கட்டில் இரண்டு கம்புகள் நட்டோம். ஒன்றிலிருந்து மற்றதற்கு நீங்கள் ஓட வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வைத்திருந்த ஸ்டொப் வொட்ச்சோடு நான் நிற்க வேண்டும்.

வார நாட்களில் நம் பின்கட்டு ஒரு பட்டறை ஆகிவிடும். பலகையின் நடுவே தண்ணீருக்குள் நீட்டி நிற்கும் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தப் பிளவை ரெசின் ஊற்றி அடைத்தீர்கள். பழைய கார் சீட் பெல்ட்டை வெட்டி, கால் நுழைக்க வார்கள் பூட்டினீர்கள். பாயின் அடிக்கயிற்றை இருவருமாக இழுத்து இறுக்குவோம். "வயிறு வைக்க விடக்கூடாது மாஸ்டர். வயிறு வைச்ச பாய் தூக்கும், ஓடாது." உங்கள் பெரிய கவலை பின்செட்டை. பலகையின் வாலில், நீருக்குள் இருக்கும் மீன்செட்டை போன்ற துண்டு. அது பெரிதாக இருந்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும். சின்னதானால் வேகத்தில் வால் வழுக்கி ஆளைத் தூக்கி எறியும். நீங்கள் அரத்தால் தேய்த்தீர்கள், மணல்தாளால் உரசினீர்கள், விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் செட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. என் பயம் பெருத்துக்கொண்டே வந்தது.

இடுப்பில் ஒரு பட்டி, அதில் ஒரு கொக்கி. பாயின் கைப்பிடிக் குழாயில் தொங்கும் கயிற்று வளையத்தில் அந்தக் கொக்கியை மாட்டினால் கைக்குப் பதில் உடம்பு பாரத்தைத் தாங்கும். அந்த வளையங்களைக் கட்டியது நான். எந்த முடிச்சு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

ஒருநாள் குளக்கட்டில் உட்கார்ந்து பாண் துண்டும் தேங்காய்ச் சம்பலும் தின்றுகொண்டிருக்கும்போது கேட்டேன். "எதுக்குங்க இவ்வளவு வேகம்? மெதுவாப் போனாலும் தண்ணிமேலதான போறீங்க?"

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "மெதுவாப் போனால் வீட்டு ஞாபகம் வரும். வேகமாப் போகேக்க வேற ஒண்டும் வராது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஊரும் இல்லை, சண்டையும் இல்லை."

அதன்பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது, அது நம் இருவருக்கும் தெரியும். குளக்கட்டை ஒட்டியே ஓடினால் ஓரளவு வேகம்தான். இன்னும் வேகம் வேண்டுமானால் காற்றுக்கு முதுகைக் கொஞ்சம் காட்டி, கட்டை விட்டு விலகிக் குளத்தின் நடுப்பக்கம் சரிந்து ஓட வேண்டும். அங்கேதான் குளம் கட்டியபோது மூழ்கிய காட்டு மரங்கள் நின்றன. கச்சான் வீசும் காலம் தண்ணீர் வற்றும் காலமும்கூட. வாரத்துக்கு வாரம் கறுத்த மரக்கொப்புகள் மேலே வந்துகொண்டிருந்தன. மீன்பிடிக்கும் பியதாசவின் வள்ளத்தில் போய், தெரிந்த மரங்களுக்கெல்லாம் வெள்ளைத்துணி கட்டிவிட்டு வந்தீர்கள்.

அந்தச் சனிக்கிழமை புதிய செட்டை. இரண்டு ஓட்டம் கட்டோரமாக ஓடினீர்கள். வால் வழுக்கவில்லை. பலகையைக் கரைக்குக் கொண்டுவந்து, செட்டையின் திருகாணியை ஒருதரம் இறுக்கினீர்கள்.

"இந்த முறை கொஞ்சம் வெளியால விடப்போறன்."

"வெளிய மரம் இருக்குங்க."

"துணி கட்டின மரத்துக்கு இஞ்சாலப் பக்கம்தான் நிப்பன்."

"போன கிழமை கட்டின துணிங்க அது. தண்ணி இன்னும் எறங்கியிருக்கு."

நீங்கள் குளத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னை. "நீர் கண்ணை எடுக்காமல் பாத்துக்கொண்டு நில்லும். அது போதும்."

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் கம்பைத் தாண்டியதும் ஸ்டொப் வொட்ச்சை அமுக்கினேன். நீங்கள் சரிந்து வெளியே திரும்பினீர்கள். பலகை தண்ணீரைத் தொடுகிறதா இல்லையா என்று தெரியாத ஓட்டம். பின்னால் வெள்ளையாக நீர்த்தூசி. உங்கள் முதுகு கிட்டத்தட்டத் தண்ணீரைத் தொட்டது. அப்படியொரு வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழகாக இருந்தது என்றும் சொல்ல வேண்டும். அடுத்த நொடி பலகை நின்றுவிட்டது. நீங்கள் நிற்கவில்லை. பாயோடு முன்னால் பறந்து விழுந்தீர்கள். பாய் தண்ணீரில் தட்டையாகப் படுத்தது. அதற்கு வெளியே எங்கும் உங்கள் தலை இல்லை.

நான் கத்தினேனா தெரியாது. பியதாச வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "நகின்ன மாத்தயா" என்றார். ஏறச் சொல்கிறார். நான் ஏறினேன். அந்த ஆடும் மரத்தொட்டிக்குள் உட்கார்ந்து, நீங்கள் விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன். துடுப்பு போட்ட நேரம் முழுவதும் என் காதில் என் மூச்சுதான் கேட்டது.

பாயின் கீழே ஏதோ அசைந்தது. கொக்கி கழலவில்லை என்று உடனே புரிந்தது. பாயின் பாரம் உங்களைக் கீழே அமுக்கிப் பிடித்திருந்தது. பியதாச வள்ளம் கவிழாமல் மறுபக்கம் சாய்ந்து பிடிக்க, நான் விளிம்பைப் பற்றிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கினேன். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமையை இன்றும் என் பாதங்கள் மறக்கவில்லை. ஒரு கையைப் பாயின் அடியில் விட்டுத் துழாவினேன். உங்கள் பட்டி. கொக்கி. நான் கட்டிய முடிச்சு. கயிறு உங்களைச் சுற்றி ஒருமுறை முறுக்கிக் கிடந்தது. அதை எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றினேன்.

முகம் மேலே வந்தது. தண்ணீரைக் கக்கினீர்கள். தொடையில் நீளமாகக் கிழிந்திருந்தது. என் சட்டைக் கொலரைப் பிடித்தீர்கள். கரை வந்தும், டிரக்டரில் ஏற்றியும், ஆஸ்பத்திரியில் தையல் போடும்வரை அந்தக் கை விடவில்லை. வழியில் சாவடிச் சிப்பாய் காயத்தைப் பார்த்துவிட்டு எப்படி என்று கேட்டபோது, நம்மோடு வந்த பியதாசதான் இறங்கிப் போய்ப் பேசினார். அவர் சிங்களத்தில் சொன்ன பிறகுதான் விட்டார்கள். குளக்கட்டில் விழுந்து கிடந்த ஸ்டொப் வொட்ச்சை மறுநாள் எடுத்துவந்து தந்தவரும் அவர்தான். அது ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடக் கச்சானுக்கு நீங்கள் மறுபடி பாயை விரித்தபோது நான் சண்டை பிடித்தேன். நீங்கள் கேட்கவில்லை. சபித்துக்கொண்டே கூட வந்தேன், குளக்கட்டில் நின்றேன். ஓட்டம் கட்டோரமாகவே இருந்தது, அதுவரை நிம்மதி.

பிறகு சமாதானம் என்றார்கள், பாதை திறந்தது. நீங்கள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊர்போய்க் கல்யாணம் முடித்தீர்கள். சில வருடத்தில் பாதை மறுபடி மூடியது. நான் உங்களுக்காகப் பயந்ததெல்லாம் குளத்து மரங்களுக்கும் துப்பாக்கிக்கும். உங்களைக் கொண்டுபோனது ஒரு வயிற்றுவலி. குடல்வால் வெடித்திருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்களாம். ஊரடங்கு, தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்து வாரங்களாகிவிட்டன.

சண்டை ஓய்ந்த பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி என்னை முன்பே அறிந்தவர்போல உள்ளே கூப்பிட்டார். தேத்தண்ணி தந்துவிட்டு, குளத்துக் கதைகளைக் கேட்டார். நான் சொன்னேன், அவர் எதற்கும் பயப்படாத மனிசர், நான்தான் ஒவ்வொரு தரமும் செத்துப் பிழைச்சேன் என்று.

உங்கள் மனைவி மறுத்துத் தலையசைத்தார். "இல்லை. அவருக்கு அந்தக் குளமெண்டால் சரியான பயம். வெள்ளிக்கிழமை சாப்பாடு இறங்காதாம். சாவடியில துவக்கை நீட்டின கதையைச் சொல்லேக்க கை நடுங்கும். பிறகேன் போனனீங்கள் எண்டு நான் கேட்டனான். 'கரையில மாஸ்டர் நிண்டவர்' எண்டார்."

வெள்ளிக்கிழமை இரவுகளில் நீங்கள் சோற்றைப் பிசைந்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விடுதிச் சமையல்காரரின் கைப்பக்குவம் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தத் திண்டாட்டத்தோடுதான் இருக்கிறேன். நான் நிற்காவிட்டால் நீங்கள் போயிருக்க மாட்டீர்களா? அல்லது நான் நின்றதால்தான் உங்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் கிடைத்ததா? இரண்டும் உண்மையாக இருக்கலாம். உங்களுக்கு வயிறு வலித்த அன்று நான் எங்கோ மலையில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

இப்போது என் மகள் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுகிறாள். ஹாலிஎலப் பக்கம் இறங்கும் வளைவு உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நேற்று வளைவின் முனையில் போய் நின்றேன். "அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள். தொண்டைக்குள் வந்த 'வேணாம்மா' என்ற சொல்லை விழுங்கிக்கொண்டேன். ஹெல்மெட் வாரை இறுக்கும்போது அவள் விரல்கள் நடுங்கியதைப் பார்த்துவிட்டேன்.

"நீ ஓட்டு. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவள் வண்டியோடு வளைவில் இறங்கினாள். நான் அங்கேயே நின்றேன். கண்ணை எடுக்கவில்லை.